ஏழு பீங்கான் பொம்மைகள்

“சாவியக் குடுத்துப்போடு நவீனு. ரெண்டாந்தடவ கேக்க மாட்டேன்.”

சுப்பையன் கையை நீட்டியபடி நின்றார். மகன் நவீன்குமார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆயுத பூசை விடுமுறைக்குக் காலையில்தான் பெங்களூரிலிருந்து சங்ககிரிக்கு வந்திருந்தான். சேலத்தில் சொல்லி வைத்திருந்த கண்ணாடி அலமாரியையும் வரும்போதே வண்டியில் ஏற்றி வந்துவிட்டான். அப்பா தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் பீங்கான் பொம்மைகள் ஏழையும் அதற்குள் அடுக்கிப் பூட்டியாயிற்று.

விக்டோரியா ராணி, நெப்போலியன், நெல்சன் என்று ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். நூறு வருஷத்துக்கு மேல் பழசு. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குக் கொடுத்தது. அம்மா கண்ணாத்தாள் சரித்திர டீச்சராக இருந்த காலத்தில், பாடம் நடத்த அவற்றைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போவாள்.

“எதுக்குங்கப்பா இத்தன கோவம்? பொங்கலுக்கு வந்தப்ப ஏழும் முழுசா இருந்துச்சுங்க. இப்ப ராணிக்கு ஒரு கையக் காணோம். நெப்போலியனுக்குப் பாதித் தொப்பிதான் இருக்குது. யாரு ஒடைச்சது?”

“நாந்தான் ஒடைச்சேன். அதுக்கென்ன இப்ப?”

“அது அம்மாவோட பொருளுங்க. உங்களுக்கு வேணும்னா அதோட அருமை தெரியாம இருக்கலாம்.”

“எம்பட ஊட்டுல எதப் பூட்டறது, எதத் தொறக்கறதுன்னு நீ சொல்லப்படாது. எடு சாவிய.”

முட்டிவலி என்று காலையிலிருந்து சோபாவை விட்டு எழாத கண்ணாத்தாள், “உடுங்க. பையன் ஆசையாக் கொண்டாந்துருக்கறான்” என்றாள்.

நவீன் சுவிட்சைத் தட்டினான். அலமாரிக்குள் வரிசையாக விளக்கு எரிந்தது.

“நீங்களே சொல்லுங்கம்மா. எப்படி இருக்குது?”

“நல்லாத்தான் இருக்குது சாமி.”

“கேட்டீங்களாங்கப்பா?”

சுப்பையன் மனைவி பக்கம் திரும்பினார். “நீ சும்மா இரு கண்ணாத்தா. இவன் மனசு நோகப்படாதுன்னு எத்தன நாளைக்கு இப்படியே பேசுவ?”

“அம்மாவ ஏன் அதட்டறீங்க? நாப்பது வருசமா இதத்தான் பாக்கறேன். நீங்க வெச்சதுதான் சட்டம். அவங்க பொறந்த ஊட்டுப் பொருளு, அது ஒண்ணாச்சும் பத்திரமா இருக்கட்டும். சாவிய நான் பெங்களூருக்கே எடுத்துட்டுப் போறேன்.”

உள்ளே போன சுப்பையன் சுத்தியலோடு வந்தார். நவீன் தடுப்பதற்குள் ஓங்கி ஓர் அடி. கதவுக் கண்ணாடி நொறுங்கித் தரையெல்லாம் சிதறியது.

“உங்களுக்கென்ன பைத்தியமாங்கப்பா?”

அவர் கையை முறுக்கிச் சுத்தியலைப் பிடுங்கி எறிந்தான் நவீன். அவர் அவன் சட்டையைப் பிடித்தார்.

“இனி இந்த ஊட்டு வாசல்ல காலு வெக்க மாட்டேன். அம்மாவையும் இப்பவே கூட்டிட்டுப் போறேன்.”

“ஏனுங்க, நிறுத்துங்க” என்றபடி கண்ணாத்தாள் எழுந்து அவர்களை நோக்கி நேராக நடந்தாள். வெறுங்காலோடு, கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே.

“அம்மா, கீழ பூராவும் கண்ணாடி. பாத்து வரக்கூடாதா?”

சுப்பையன் மகனைத் தள்ளிவிட்டு ஓடி அவளைத் தாங்கிப் பிடித்தார். பாதத்திலிருந்து ரத்தம் வழிந்தது. “சொல்லாதீங்க” என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“எப்படிடா பாத்து வருவா?” என்று கத்தினார் சுப்பையன். “கண்ணு ரெண்டும் போயி ஆறு மாசமாச்சு. நீ வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்துருவீன்னு எம்பட வாய அடைச்சு வெச்சிருக்கறா. தெனமும் காலைல அந்தப் பொம்மைகள ஒண்ணொண்ணா மடியில வெச்சு, கையால தடவித்தான்டா பாக்கறா.”