கை படாத நிலம்

"மச்சான், வந்தவன் மூக்கைப் பொத்தல. கவனிச்சீங்களா?"

மைத்துனன் காதைக் கடித்தான். முதலாளிக்கும் அதே உதறல்தான். குப்பைக் கிடங்குக்குள் வந்து மூக்கைப் பொத்தாதவன் தொழில் தெரிந்தவன். அவனை ஏமாற்றுவது லேசில்லை. போதாததற்குக் கோட்டு வேறு போட்டிருந்தான். கோட்டுப் போட்டவனை முதலாளி ஜென்மத்தில் நம்பியதில்லை.

"வாயை மூடிக்கிட்டு வா மாப்ளே. மூஞ்சில எதையும் காட்டாதே."

முப்பது வருடம் ஊர்க் குப்பையை வாங்கிப் புதைத்தே பெரிய மனிதர் ஆனவர் அவர். இப்போது கிடங்கு கழுத்துவரை நிரம்பிவிட்டது. இனி ஒரு லாரிகூடக் கொட்ட முடியாது. விஷயம் வெளியே தெரிவதற்குள் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். அதற்காகத்தான் கிழக்குப் பாதியில் செம்மண் பரப்பி, ரோலர் ஓட்டி, புல்லும் விதைத்து வைத்திருந்தார்.

கிடங்கை விலை பேச வந்த கோட்டுக்காரன் அந்தப் புல்லின்மேல் ஏறி, குதிகாலால் தட்டிப் பார்த்தான்.

"இங்கேயும் கொட்டியிருக்கீங்களா?"

"சேச்சே, கை படாத நிலம் சார். பாதிக் கிடங்கு அப்படியே காலியாக் கிடக்கு. இன்னும் இருபது வருஷம் கண்ணை மூடிக்கிட்டுக் கொட்டலாம்."

"முப்பது வருஷமா நடத்துறீங்க. இன்னும் பாதிதானா?"

"கண்டதையும் உள்ள விட மாட்டோம்ல. அழுகின காய்கறி, எச்சில் சோறு, அந்த நாத்தமே இங்க ஆகாது. எல்லாம் உடைஞ்ச செங்கல், காரை."

இந்தப் புளுகைக் கேட்டு மைத்துனனுக்கே புரையேறியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னாடி தோண்டிப் பார்ப்போம்."

"என் பிள்ளைங்க மேல சத்தியம் சார்."

கோட்டுக்காரன் கையை நீட்டினான். விழுந்தான் பயல்! முதலாளி அந்தக் கையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மறைக்காம உள்ளதைச் சொன்னீங்க, ரொம்ப நன்றிங்க. குப்பை அழுகி வர்ற வாயுவை எடுத்துக் கரண்டு தயாரிக்கிறவன் நான்; முழுசா நிரம்பின கிடங்கா இருந்தா நீங்க கேட்ட விலைக்கே இன்னிக்கு முடிச்சிருப்பேன்."