கடைசி வரை நிற்பவள்

தரையில் மஞ்சள் பெயின்ட்டால் எழுதியிருந்த ஐந்தாம் எண்ணின் மேல் அவள் ஏறி நின்றாள்.

காவல்துறை நடத்தும் இளைஞர் தலைமைப் பயிற்சி. கடைசி நாள், கடைசித் தேர்வு. ஜெயித்தால் தலைவி பேட்ஜ். பேட்ஜ் கிடைத்தால் போலீஸ் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம். அடுத்தவர் வீட்டு மாடிப்படியைத் துடைத்துத் துடைத்தே மகளைப் பட்டம் வாங்க வைத்த அம்மா, இனி யார் வீட்டுப் படியையும் தொட வேண்டாம்.

வீட்டில் அவளுக்குப் பெயரே வாயாடி. அதனால்தான் பயிற்சியாளர் மேடம் விதியைச் சொன்னதும் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"என்ன நடந்தாலும் அசையக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. கடைசி வரைக்கும் நிக்கிறவதான் தலைவி."

அடையாள அணிவகுப்பாம். சாட்சி வந்து வரிசையில் குற்றவாளியைத் தேடுவாராம். எல்லாம் நடிப்புதான் என்றார் மேடம்.

எட்டுப் பெண்கள். ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே ஒட்டிய கன்னம். ஒருத்தியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எட்டுப் பிரதி எடுத்த மாதிரி.

விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்கவில்லை, போட்டோ மட்டும்தான் கேட்டார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்திக்குக்கூட, காணோம் என்றால் காரில் தேடி வருகிற அளவுக்கு வசதியான வீடு இல்லை என்பதும்.

ஆறாம் எண்ணில் நின்றவளைப் பயிற்சியில் பார்த்ததே கிடையாது. கடைசி நிமிடத்தில் பின்கதவு வழியாகக் கூட்டி வந்தார்கள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இவள் முதல் ஆளாக அவுட் என்று வாயாடி மனதுக்குள் சிரித்தாள்.

சாட்சியாக ஒரு பெண்மணி வந்தார். தலையில் கட்டு. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. பிரமாதமான மேக்கப். ஆஸ்பத்திரி வாடைகூட அடித்தது.

ஆறாமவள் முன்னால் வெகுநேரம் நின்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றாள்.

பிறகு அவர் வாயாடியின் பக்கம் திரும்பினார். அவள் இமைக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்மணி அவள் தோளைத் தொட்டார்.

"இவதான். அன்னைக்கும் இப்படித்தான் கண்ணு கொட்டாம பாத்தா."

இதுவரை பார்த்திராத அதிகாரி ஒருவர் தடித்த பதிவேட்டோடு வந்தார். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாவது முறை குரலைத் தணித்து, அண்ணன் மாதிரிக் கேட்டார்.

வாயைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவளா ஏமாறுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆறாமவளைப் போகச் சொன்னார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஓடாத குறையாக வெளியேறினாள்.

அதிகாரி எழுதியதை வாயாடி தலைகீழாகவே வாசித்தாள்: மூன்று முறை கேட்டும் மறுக்கவில்லை.

பெண் காவலர் ஒருவர் அருகே வந்தார். பேட்ஜ் குத்தத்தான் வருகிறார் என்று அவள் நெஞ்சை நிமிர்த்தினாள்.

அவர் கேட்டது கைகளை.