பின்னறைக்குப் போன வயர்

"உங்கட கடையில புதுக் கம்பியூட்டர் பெட்டி நாலு சும்மா கிடக்குது. எனக்கு மட்டும் இந்தக் கிழடோ?"

நெளுக்குளத்தில் ஒழுங்கையின் இரு பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி ஸுல்பா குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு வளவில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

அவளுடைய அண்ணன், அவள் நானா என்று கூப்பிடும் அஸ்வரும் விடவில்லை. அவள் கலியாணக் கார்ட் அடிக்க அந்தக் கணினியே போதும் என்று கத்தினான். ஒரு கார்ட் திரையில் திறந்து முடிவதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும். டவுனில் கணினிக் கடை வைத்திருப்பவனுக்கு அது தெரியாதா? ஆனால் விற்கிற சாமானை வீட்டுக்குத் தருவதென்றால் அவனுக்கு உயிர் போகிற காரியம்.

மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தான். முன்னறையில் இருந்த தன் வேகமான கணினியிலிருந்து பின்னறைக்கு வயர் இழுத்து, இரண்டிலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டான்.

"உன்ட கிழடு இனி முகத்தை மட்டும் காட்டும். வேலையெல்லாம் என்ட பெட்டி செய்யும்."

கணினிக்குள் நுழைய அவளுக்கென்று தனிப் பெயர் போட்டுக்கொடுக்க அவனுக்குச் சோம்பல். தன் பெயரையும் பாஸ்வேர்டையுமே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான்; அவனுக்குத் திறப்பதெல்லாம் இனி அவளுக்கும் திறக்கும். ஒரு வீட்டுக்கு என்னத்துக்கு ரெண்டு வாசல் என்று நியாயமும் சொன்னான்.

அதன்பிறகு ஸுல்பாவின் பெட்டி பறந்தது. ஊர்ப் பெட்டைப் பிள்ளைகளின் கலியாணக் கார்ட் எல்லாம், முப்பத்திநாலு வயதாகியும் கலியாணமாகாத ஒருத்தியின் பின்னறையிலிருந்து வந்தன. ஒழுங்கை இதைக் கதைக்காமல் விடுமா? கேட்டவர்களுக்கு அஸ்வர், பெண் கேட்டு யாரும் வருவதில்லை என்பான்.

அது பொய். புத்தளத்தில் சாமான் கடை வைத்திருக்கும் லாபிர் மூன்று தரம் ஈமெயிலில் கேட்டிருந்தார். பெற்ற வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு ஸுல்பாவின் வலி, அதாவது கலியாணத்துக்குச் சம்மதம் சொல்லும் பொறுப்பாளன், அஸ்வர்தான். அவன் ஓம் என்றால்தான் நிக்காஹ், கலியாணம் நடக்கும். அவனோ ஓமும் எழுதவில்லை, இல்லையும் எழுதவில்லை.

அஸ்வரின் மனைவி றுமானா மௌத்தாகி மூன்று வருடம். பிள்ளையும் இல்லை. பொழுதுபட்டால் முன்னறையில் இருந்தபடி, பின்னறையில் கேட்கும் கீபோர்ட் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பான். அந்தச் சத்தம் இருக்கும்வரைதான் அது வீடு. நின்றால் வெறும் நாலு சுவர். இதைத் தங்கச்சியிடம்கூட அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அவன் வரும்போது வாசலில் புத்தளத்து வான் நின்றது. லாபிரின் உம்மா மஸ்கற் இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அவன் சலாம் சொல்லி முடிக்கவும் அவர் தொடங்கிவிட்டார்.

"உங்கட ஈமெயில் கடிதத்தை வாசிச்சு அழுதிட்டன் மகன். 'தங்கச்சியும் போனா இந்த வீட்டில நான் தனிச்சுப்போவன், அந்தப் பயத்திலதான் பதில் போடேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வந்து பேசுங்கோ' எண்டு எழுத எத்தினை ஆம்பிளைக்கு மனம் வரும்?"

அஸ்வர் அப்படி ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மறுக்கத்தான் வாயைத் திறந்தான், வேலிக்கு மேலால் வரிசையாகத் தெரிந்த தலைகளைக் கண்டதும் வந்த சொல் "ஓம்."

நோன்புக்கு முந்தியே நிக்காஹ் முடிந்தது. புத்தளத்துக்குப் புறப்பட வானில் ஏறிய ஸுல்பா, கண்ணாடியை இறக்கி அவனைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"நீங்கள் ஒருநாளும் சொல்லமாட்டீங்கள், நானா. அதுதான் உங்கட பேரில நான் எழுதினனான்."