நாற்பத்தோராவது செய்தி

மாலை நான்கு பன்னிரண்டுக்குச் செயற்கைக்கோள் தென்மேற்கில் எழும். ஒன்பது நிமிடம் இருக்கும். பிறகு போய்விடும்.

குஞ்சிதபாதம் நான்கு மணிக்கே வரப்புக்கு வந்துவிட்டார். துவைத்த வேட்டி. கையில் அந்தக் கருவி.

டவர் இல்லாமல் நேரே செயற்கைக்கோளோடு பேசுகிற போன் அது. புயலில் டவரெல்லாம் சாய்ந்து ஊர் பத்து நாள் ஊமையாகக் கிடந்ததே, இனி அப்படி ஆகக்கூடாது என்று ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. சம்பா நடவு முடிந்த கையோடு அம்சவல்லி என்கிற ஆராய்ச்சி மாணவி வந்து அதைக் கொடுத்தாள். ஒன்று அவருக்கு, இன்னொன்று பக்கத்து வயல்காரருக்கு என்றாள். இவர் எழுதுவதைச் செயற்கைக்கோள் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் கருவியைத் திறக்கும்போது கீழே இறக்கிவிடும்.

பக்கத்து வயல்காரர் பஞ்சநதம். கூடப் பிறந்த தம்பி. பேச்சு நின்று பத்தொன்பது வருடம்.

வெளியூர்ப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

எல்லைக்கல்லில் வந்த வினை. கல்லைப் பெயர்த்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சநதம் பிடிபட்டான். பழைய இடத்தில்தான் வைக்கிறேன் என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கோயில் வாசலில் அண்ணன் காலில் விழவைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஆட்சி மூன்று முறை மாறிவிட்டது. பட்டா, சிட்டா எல்லாம் கணினிக்குப் போய்விட்டன. கல் திருடன் என்ற பெயர் மட்டும் பஞ்சநதத்தை விட்டுப் போகவில்லை.

மனைவி அகிலாண்டம் போனபிறகு குஞ்சிதபாதத்துக்கு வீட்டில் பேச ஆளில்லை. ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவே இல்லை என்பது சில நாள் படுக்கும்போதுதான் அவருக்கே தெரியும்.

பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஜாடையாகப் பேசுவது ஊர் வழக்கம். மாட்டைப் பார்த்தோ மரத்தைப் பார்த்தோ சொன்னால் போதும், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். குஞ்சிதபாதம் செயற்கைக்கோளைப் பார்த்துச் சொன்னார்.

‘வடக்கு மூலையில் நண்டு வளை. யார் வயலோ, தண்ணீர் ஒழுகுகிறது.’

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ‘செய்தி பெறப்பட்டது. நன்றி.’

மறுநாள் காலை வளை அடைபட்டிருந்தது. குஞ்சிதபாதம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

பிறகு ஒரு நாள் விடவில்லை. முழங்கால் வலி, குழைந்துபோன சோறு, துபாயிலிருந்து போன் செய்யாத மகன் என்று எல்லாவற்றையும் எழுதினார். ஒன்றரை அடி வரப்பைத் தாண்ட அவர் பேச்சு வானம் வரை போய்வந்தது. எதற்கும் அதே பதில்தான். சின்ன வயதிலும் அவன் ரெண்டு வார்த்தைக்காரன்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நேற்று எழுதியது நாற்பத்தோராவது செய்தி. எழுதி எழுதி அழித்து, ஒன்பதாவது நிமிடத்தில்தான் அனுப்ப முடிந்தது. அதற்கும் அதே பதில்.

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக விடியும்வரை தூங்கினார். அதையும் கேட்டுக்கொண்டு நன்றி சொல்கிறவன் இனிமேல் என்ன கோபப்படப் போகிறான்? இன்று வரப்பைத் தாண்டிவிடுவது என்று வந்திருந்தார்.

அப்போதுதான் அம்சவல்லி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சோதனை இன்றோடு முடிகிறது, கருவியை வாங்கிப்போக வந்தாளாம். தம்பியிடம் இருப்பதையும் வாங்கியாயிற்றா என்று அவர் ஜாடையாகக் கேட்டார்.

“அது என் பையிலேயேதாங்கய்யா இருக்கு, ஒரு நாள்கூட ஆன் பண்ணலை. உங்களுக்கு வந்த பதிலெல்லாம் செயற்கைக்கோள் தானா அனுப்புறது. அவர்கிட்ட கொடுக்கத்தான் போனேன், ‘பத்தடி தள்ளி நிக்கிறவர்கிட்ட பேச மெஷின் எதுக்கும்மா, கூப்பிட்டா எனக்குக் கேக்கும்’னு சொல்லிட்டாருங்க.”

நண்டு வளையைக்கூடத் தம்பி தானாகப் பார்த்துத்தான் அடைத்திருக்கிறான் என்று குஞ்சிதபாதத்துக்கு அப்போதுதான் புரிந்தது. நாற்பத்தொரு நாளும் அவர் யாரிடமும் பேசவில்லை.

செய்திகள் பத்திரமாக மேலேயே இருக்கின்றன, வேண்டுமென்றால் இப்போதே பையில் இருக்கும் கருவியைத் திறந்து பக்கத்து வயல்காரர் கையில் கொடுக்கிறேன் என்றாள் அவள். இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறதாம். வேண்டாமென்றால் ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம், நாங்கள் யாரும் படிக்க முடியாது.

பக்கத்து வயலில் பஞ்சநதம் மண்வெட்டியால் மடையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடி இவ்வளவு நரைத்திருக்கிறதே என்று குஞ்சிதபாதம் தம்பியை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அழித்துவிடச் சொன்னார். அம்சவல்லி அழுத்தினாள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று.

கருவியை அவளிடம் கொடுத்துவிட்டு வரப்பின் விளிம்புக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் சொன்னார்.

“பஞ்சநதம்... கல்லை மொதல்ல நகத்துனது நான்தான்டா.”

மண்வெட்டி நின்றது.

பஞ்சநதம் மெல்ல நிமிர்ந்தான். அண்ணனைப் பார்த்தான். பிறகு திரும்பி, களை பறிக்கிற பெண்களைப் பார்த்தான்.

“கேக்கலைண்ணே. அவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லு.”