கம்பி மேலே

தலைமையாசிரியை ஜெகதாம்பாள் மேசைக்குப் பின்னால். கான்ட்ராக்டர் கஜபதி எதிர் நாற்காலியில். கொத்தனார் துலுக்கானம் வாசலோரம் தரையில். ஆர்க்கிடெக்ட் வீரராகவன் மட்டும் உட்காரவில்லை. கோபத்தில் அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்துகொண்டிருந்தார்.

கள்ளிக்குப்பத்தில் அந்தப் பள்ளியின் புதுக் கட்டடத்துக்குப் பிளான் போட்டவர் அவர்தான். நேற்று அதன் சன்ஷேடு மொத்தமாக இடிந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால், அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள் வரவில்லை.

"சுவத்துலேர்ந்து வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற சன்ஷேடு! கம்பி மேல்பக்கம் வரணும். அடியில கெடக்குது!" என்று கத்தினார் வீரராகவன். "இருபது வருஷ அனுபவம். இதுகூடத் தெரியலேன்னா தொழில் எதுக்கு?"

துலுக்கானம் எழுந்து நின்றார். "பிளான்ல கீற மாரிதான் சார் கட்னேன்."

"இன்னா நைனா, பிளான் மேலயே பழியா?" கஜபதி சிரித்தார். "அம்பத்தூர்ல பாதி ஊடு சார் போட்ட பிளான்யா! இனிமே எந்த சைட்லயும் நீ கரண்டி புடிக்க முடியாது. பாத்துக்கினே இரு."

"நாலு புள்ளைங்க கீதுங்க சார்..."

வீரராகவன் மேசையிலிருந்த பிளானைப் பிடுங்கி விரித்தார். சன்ஷேடு வரைந்திருந்த இடத்தில் விரல் நின்றது. முகம் இன்னும் சிவந்தது. பிளானைச் சுருட்டி மேசையில் ஓங்கி அறைந்தார்.

"எல்லாரும் வாய மூடுங்க! ஒரு பேப்பர் குடுங்கம்மா."

தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி எழுதினார். எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். "மேற்படி நபரின் கவனக்குறைவால் நாற்பது குழந்தைகள் செத்திருப்பார்கள். உடனடியாக அவரது லைசென்ஸை ரத்து செய்யக் கோருகிறேன்."

"அப்பிடிப் போடு சார்!" என்றார் கஜபதி.

துலுக்கானம் விழித்தார். "லைசென்ஸா? எனக்கு ஏது சார் அதெல்லாம்? இந்தக் கைதான் கீது."

"அது வேற இல்லாமத்தான் வேலை செஞ்சியா?" என்றார் கஜபதி.

வீரராகவன் யாரையும் பார்க்கவில்லை. கடிதத்தை உறையிலிட்டுக் கோந்து தடவி, உள்ளங்கையால் குத்தி ஒட்டினார். லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தின் விலாசத்தை எழுதி முடித்துத் துலுக்கானத்திடம் நீட்டினார். "இந்தா, உன் கையாலேயே போய்த் தபால்ல போடு."

துலுக்கானம் அதை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"உறையில அனுப்புநர் பேரு எழுதலியே சார்?" என்றார் ஜெகதாம்பாள்.

வீரராகவன் உறையைத் திரும்ப வாங்கி, பேனாவைத் திறந்தார்.

"உள்ள யார் மேல புகாரோ, அவன் பேருதாம்மா இங்கயும்."