நல்ல தோல்

தட்டுகளில் வளர்த்த தோல் செல்களைக் கீறிவிட்டு, கீறல் எப்படி ஆறுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் அவள் வேலை.

"சர்க்கரைக்காரர் தோல் ஆறல, சரி. நல்ல தோலும் ஏம்மா ஆறல?" தலைவர் கத்தினார். தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மறுபடி கத்தினார்.

"திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்துட்டேன், சார்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! தட்டை மாத்தி வெச்சுட்டு எனக்கே காது குத்துறியா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மாத்தல சார். நல்ல தோல் கிடைக்காம அலைஞ்சப்போ, 'எனக்கு ஒரு நோயும் கிடையாது'ன்னு கையை நீட்டினது நீங்கதானே? அது உங்க தோல். கத்தினது போதும், முதல்ல போய்ச் சர்க்கரை பாருங்க."

அடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறந்த கை அப்படியே நின்றது.