ஒரே ஏசி, இரண்டு விற்பனை

சத்தியம்! என் தலைமேல் சத்தியம், என் பிக்அப் வண்டிமேல் சத்தியம், அதன் நாலு டயர்மேலும் தனித்தனியாகச் சத்தியம்! இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

ஒரே வீட்டில் ஒரே ஏசியைப் புருஷனுக்கு ஒரு தடவையும் பெண்டாட்டிக்கு ஒரு தடவையும் விற்றவன் நான். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் காசு வாங்கினேன். திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடுங்கள்.

போன ஜூலையில் ஓக்லஹோமாவில் அப்படி ஒரு வெயில். எங்கள் ஊரில் ஒரு பல்லி என் தொப்பி நிழலுக்கு வாடகை பேச வந்தது. அந்த வாரம்தான் ஹாலிஸ் டில்மன் வீட்டு ஏசி படுத்தது. மொத்த வீட்டுக்கும் குளிர் அனுப்பும் பெரிய இயந்திரம். வயது இருபத்தெட்டு. இருமியது, தும்மியது, உயிரை விட்டது.

ஏசி ரிப்பேர்தான் என் தொழில். போய்ப் பிரித்துப் பார்த்தேன்.

"கதை முடிஞ்சுது. வெளியில ஒண்ணு, பரண்ல ஒண்ணு, ரெண்டையும் மாத்தணும். கூலியோட பதிமூவாயிரத்து எண்ணூறு டாலர்."

"நான் ஏசி கேட்டேன்யா, ஏரோப்ளேன் கேக்கல!" என்று குதித்தார் ஹாலிஸ்.

"எங்க அம்மா ஜன்னல்ல ஈரத்துணியைக் கட்டிவிட்டே ஒன்பது பிள்ளைங்களை வளர்த்தா," என்றாள் அவர் மனைவி வெர்னா. "ஒட்டுப்போட்டுக் குடு, கிளீட்டஸ். அது போதும்."

"ஒட்டுப்போட இடமே இல்லையே, வெர்னாம்மா."

"அப்ப ஃபேன் இருக்கு," என்றார் ஹாலிஸ்.

"எனக்கும் ஃபேன் போதும்," என்றாள் வெர்னா.

ஹாலிஸுக்கு நெஞ்சில் இரண்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வெர்னா முந்தின நாள்தான் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஃபேனாம்! கஞ்சப் பிசினாறிகள் என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன்.

வண்டிக் கதவைத் திறப்பதற்குள் பின்னாலேயே வெர்னா ஓடிவந்தாள். கையில் ஒரு மாவு டப்பா.

"புதுசே போட்டுடு. அவருக்குத் தெரியக் கூடாது."

"காசு?"

அவள் டப்பாவைத் தட்டினாள். "சுரண்டுற லாட்டரில விழுந்துது."

எனக்கு வாய் பிளந்துவிட்டது. வெர்னா எங்கள் பாப்டிஸ்ட் சர்ச்சில் முப்பது வருஷமாக ஞாயிறு வகுப்பு எடுக்கிறவள். சூதாடினால் நேரே நரகம்தான் என்று என் பிள்ளைகளை அழவைத்தவள்.

"அப்படிப் பாக்காத. பத்துல ஒரு பங்கை முதல்ல சர்ச்சுக்குப் போட்டுட்டேன். அவர் நெஞ்சு இந்தச் சூட்டைத் தாங்காது, கிளீட்டஸ். எனக்கு வேற யாரு இருக்கா?"

விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

சாயங்காலம் என் பட்டறை வாசலில் ஹாலிஸ்.

"யோவ், புதுசே போட்டுடு. அவளுக்குத் தெரியக் கூடாது."

"காசு?"

"கேசினோ சூதாட்டத்துல ஜெயிச்சது. ஆத்துக்கு மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். வரும்போது கடையில மீன் வாங்கிட்டு வந்துட்டேன்."

"வெர்னாம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"ஞானஸ்நானத் தொட்டியில அமுக்கிடுவா. வெளியே எடுக்க மாட்டா." சிரித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "அவ இன்னொரு தடவை விழுந்து நான் பாக்கணுமா? என்னால முடியாதுய்யா."

சனிக்கிழமை வேலை வைத்துக்கொண்டோம். "அவளை நான் வெளியில கூட்டிட்டுப் போயிடறேன்," என்றார் ஹாலிஸ். "அவரை நான் வெளியில கூட்டிட்டுப் போயிடறேன்," என்றாள் வெர்னா. ஒரே காரில்தான் போனார்கள். எட்டு மணி நேரம், மூன்று கடையில் ஆப்பிள் பை பலகாரம் தின்று, புரியாத சினிமா இரண்டு பார்த்து, யாருமே 'வீட்டுக்குப் போலாம்' என்று வாயைத் திறக்கவில்லையாம்.

நான் புது இயந்திரத்தின்மேல் பழைய துருப்பிடித்த தகரக் கூட்டை மாட்டினேன். மேலே இருந்த குருவிக் கூட்டையும் எடுத்த இடத்திலேயே வைத்தேன். குருவி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டியது.

வீடு திரும்பினார்கள். கதவைத் திறந்ததும் ஜில்லென்று காற்று.

"பாத்தியா வெர்னா! சின்ன ரிப்பேர்தான். பழசோட உழைப்பு புதுசுக்கு வருமா?"

"வரவே வராது!"

சொல்லிக்கொண்டே அவர் இடது கண்ணை எனக்குச் சிமிட்டினார். அவள் வலது கண்ணைச் சிமிட்டினாள். நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

தொகையை இரண்டு பேர் காதிலும் தனித்தனியாகச் சொன்னேன். தனித்தனியாகத் தந்தார்கள். எண்ணிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் வெர்னாவின் தங்கை ஐடெல்லா பட்டறைக்குள் புயலாக நுழைந்தாள்.

"கொள்ளைக்காரா! எனக்கும் அதே அளவு வீடு, அதே ஏசி. என்கிட்ட பதிமூவாயிரத்து எண்ணூறு கேட்ட. எங்க அக்காவுக்கு மட்டும் ரகசியமா ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போட்டிருக்க!"

"வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்."

பண்ணினாள்.

"உங்களுக்கும் அதே விலைதான், ஐடெல்லாம்மா. ஆனா உங்க வீட்டுக்காரரும் உங்களுக்குத் தெரியாம வந்து இன்னொரு ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் தரணும். ஹாலிஸ் தந்த மாதிரி."

ஐடெல்லா கைப்பையைத் திறந்தாள்.

"முழு விலையும் நானே குடுத்துடறேன். என் வீட்டுக்காரன் அவ்வளவு நல்லவன் இல்ல."

ஊர் முழுக்கச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பெயரை மென்று விழுங்கிவிடுங்கள். அந்த வீட்டில் இரண்டு பேர் இன்னும் ஒருவரையொருவர் ஏமாற்றிய சந்தோஷத்தில் ஜில்லென்று இருக்கிறார்கள்.